இரண்டு தாளிலும் அதே பத்துக் கையெழுத்து

2025 ஜூன் 16, திங்கள்

காலையில் கிளம்புகிற அவசரத்தில் எதிர்வீட்டு சென்னகேசவன் சார் கதவைத் தட்டினார். அபார்ட்மென்ட் அசோசியேஷன் தேர்தல் ஜூலை பதிமூன்றாம் தேதியாம். "ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க. நீங்க முன்மொழிஞ்சு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நல்லாயிருக்கும்" என்றார். போட்டேன். எட்டு வருஷமாக அவர்தான் தலைவர். லிஃப்ட் நின்றுபோனால் முதல் ஆளாக ஓடி வருவார். சரிசெய்ய மாட்டார், ஆனால் ஓடி வருவார்.

கீழே ஸ்கூட்டியை எடுக்கும்போது இரண்டாவது மாடி மோகன்குமார் சார். இந்த முறை அவரும் நிற்கிறாராம். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு வேட்புமனுத் தாள். ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்து அவருக்கும் போட்டுக்கொடுத்தேன். முகத்துக்கு நேரே கேட்கிறவரிடம் மாட்டேன் என்றா சொல்வது?

பள்ளியில் பெரிய வெற்றி. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பழனாத்தாள் அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். இத்தனை வருஷமும் மாணவர் தலைவர் யாரென்று அவரே முடிவு செய்து, மேடையில் "ஏகமனதாக" என்று அறிவிப்பார். பிள்ளைகள் கைதட்டும். இந்த வருஷம் தேர்தல்! அதுவும் நம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற அதே முறையில். யோசனை என்னுடையது, தேர்தல் அதிகாரியும் நானே. பதினான்கு வருஷமாக சமூக அறிவியல் எடுக்கிறேன். என்னைவிட்டால் வேறு யார்?

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சண்டை, மனத்தாங்கல்னு ஒரு புள்ளையோட அப்பா அம்மா என்ர ரூமுக்கு வந்து நின்னாலும், அடுத்த வருஷம் பழையபடிதானுங்க டீச்சர்."

வரட்டும், பார்க்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம். நேரம் போதாததால் லைப்ரரி பீரியடையும் எடுத்துக்கொண்டேன். எப்போதும் செய்வதுதான்.

பதினைந்து குடியரசுத் தலைவர்களின் பெயரை வரிசையாக ஒப்பித்தால் போதும் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "குடியரசுத் தலைவருக்கு ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு யாராவது வந்ததுண்டா?" என்று கேட்டேன். வகுப்பே முழித்தது. நம் வீட்டில் யாரும் அந்த ஓட்டைப் போடுவதில்லை, நாம் அனுப்பிய எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் போடுகிறார்கள் என்றேன். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. ஒரே கூச்சல். "ஏழா! பாவமுங்க மிஸ்!"

தேர்தலில் நிற்க முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்றதும் வர்ஷினி எழுந்தாள். "மிஸ், உங்களுக்கு ஆயிருச்சுங்களா?"

ஆகி நாலு வருஷம் ஆயிற்று என்றேன்.

"அப்ப நீங்க நிக்கலாமுங்களே! எதுலயாச்சும் நின்னிருக்கீங்களா மிஸ்?"

பெல் அடித்தது. நல்ல பெல்.

ஜூன் 24, செவ்வாய்

திட்டம் முழுவதும் தயார். ஆறு முதல் ஒன்பது வரை பன்னிரண்டு பிரிவு, பிரிவுக்கு இரண்டு பிரதிநிதி, ஆக இருபத்துநாலு பேருக்கு ஓட்டு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அதில் பாதி அந்தப் பிரதிநிதியின் ஓட்டு மதிப்பு. குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளருக்கு ஐம்பது பேர் முன்மொழிந்து ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். இங்கே பிரதிநிதிகளில் ஐந்தும் ஐந்தும். பத்துக் கையெழுத்து இல்லாமல் நிற்க முடியாது.

தலைவருக்கு அதிகாரம் என்ன என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். குடியரசுத் தலைவர் மாதிரியேதான் என்றேன். டைம்டேபிளை மாற்றச் சொல்லி எந்த ஆசிரியர் நோட்டீஸ் எழுதினாலும் தலைவர் பார்வைக்குப் போகும். பிடிக்காவிட்டால் ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே நோட்டீஸ் மறுபடி வந்தால் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"பொடுசுக நம்ம நோட்டீஸைத் திருப்பி அனுப்புமாக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விதிகளை சார்ட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். ஒன்பது விதி. பத்தாவதற்கு இடம் போதவில்லை. அது யாருக்கும் தேவைப்படாது.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டும் என் ஒன்பதாம் வகுப்பு.

வர்ஷினி — ஹெட்மிஸ்ட்ரஸ் மனசில் முன்பே முடிவு செய்து வைத்திருந்த பெண். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில். மேடையில் ஏறினால் மைக்குக்கே பயம் வந்துவிடும், அப்படிப் பேசுவாள். நல்ல குழந்தைதான், குறை சொல்லக்கூடாது.

எழில் — ஹாஸ்டல் பெண். அப்பா அம்மா வால்பாறையில் எஸ்டேட் வேலை. கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறாள். வகுப்பில் பத்து வார்த்தை பேசினால் அதிசயம். அவள் பெயர் கொடுத்ததும் நானே இரண்டு தடவை கேட்டேன், "நீயா?" என்று. "நாந்தான் மிஸ்" என்றாள்.

இன்று இருவரும் பேசினார்கள். வர்ஷினி ஏழு வாக்குறுதி கொடுத்தாள், கேன்டீன் பப்ஸ் வரைக்கும். எழில் ஒன்றே ஒன்று. "லைப்ரரி பீரியட் லைப்ரரியிலதான் நடக்கணும். அதை யாரும் எடுத்துக்கக்கூடாது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஆறாம் வகுப்புப் பொடியன்கள் பெஞ்சைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள்.

பீரியட் பிடுங்குகிற கணக்கு டீச்சருக்குச் சரியான அடி. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று வேட்புமனு.

வர்ஷினி 11.10க்குக் கொண்டுவந்தாள். எழில் 11.25க்கு. மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தாளிலும் அதே பத்துப் பேர்! ஒரே வரிசையில்! முதல் கையெழுத்து ஆறாம் வகுப்புப் பிரதிநிதி லாஸ்யா, பத்தாவது எட்டாம் வகுப்பு கதிர். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சார்ட்டில் இடமில்லாமல் விட்ட பத்தாவது விதி ஞாபகம் வந்தது.

ஒருவர் ஒரு வேட்புமனுவில்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டில் போட்டால் முதலில் வந்து சேர்ந்த தாளில் இருப்பதுதான் செல்லும். இது நானாகப் போட்டதில்லை, நாட்டில் இருக்கிற சட்டம்.

எழிலின் தாளில் பத்தும் செல்லாது.

அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டேன். "ரெண்டுலயும் ஏன் போட்டே?" என்று லாஸ்யாவைக் கேட்டேன்.

"எழில் அக்காவும் வந்து கேட்டாங்க மிஸ். மாட்டேன்னு எப்படிங்க மிஸ் சொல்றது? மூஞ்சி வாடிப்போயிருமில்லீங்க."

பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். கதிர் மட்டும் இன்னும் ஒருபடி மேலே. வர்ஷினி அவனுடைய சித்தப்பா பெண். "அவளுக்குப் போடலீன்னா ஊட்ல பேச்சு வாங்கணுமுங்க. எழிலுக்குப் போடலீன்னா எனக்கே ஒருமாதிரி இருக்குமுங்க."

கோபம் வந்துவிட்டது. கத்தினேன். முதுகெலும்பு இல்லையா, நாளைக்குப் பெரியவர்களானாலும் இப்படித்தான் இரண்டு பக்கமும் தலையாட்டுவீர்களா என்றெல்லாம். லாஸ்யா அழுதுவிட்டாள்.

வெளியே வந்தால் எழில் தூண் பக்கத்தில் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கும். "அப்போ நான் நிக்கலையா மிஸ்?" என்றாள். "அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவங்க எஸ்டேட் லயன் வீடுகள்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு சார்ட்டில் விதிகளை எண்ணினேன். ஒன்பதேதான்.

ஜூலை 1, செவ்வாய்

ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் பூரிப்பு. "பாத்தீங்களா, போட்டியில்லாமயே முடிஞ்சுபோச்சு. எல்லாரும் ஒத்துமையா ஒரே புள்ளைக்குப் போட்ட மாதிரிதானுங்களே. வர்ஷினியவே அறிவிச்சுப்போடலாம்."

"ரெண்டு பேருக்கும் போட்டிருக்காங்க, அம்மா. அது ஒற்றுமை இல்லை. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை" என்றேன்.

"அப்புடியே வெச்சுக்குங்க. சட்டம்னு நீங்கதானுங்களே சொல்றீங்க?"

சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லாத விதியை வைத்து ஒரு பெண்ணை வெளியே தள்ளுவதா? மனுத்தாக்கலை மறுபடி நடத்த வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"நடத்துங்க. ஆனா நாளைக்கு அசெம்பிளில நின்னு, தப்பு உங்களுதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. புள்ளைங்களைப் புடிச்சு நல்லாத் திட்டுனீங்களாமா? லாஸ்யாவோட அம்மா போன் பண்ணுனாங்க. நேர்ல வரல, போன்தான். அதனால விடறேன்."

அறுநூறு பேர் முன்னால். வாட்ச்மேன் முதல் பஸ் டிரைவர் வரை. பதினான்கு வருஷத்தில் நான் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததும் இல்லை — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் லிஃப்டில் மோகன்குமார் சார். "ரொம்ப நன்றிங்க டீச்சர், என்ர தாள்ல உங்க கையெழுத்துத்தான் மொதல்ல இருக்குது!" என்றார். நான் புன்னகைத்தேன். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் முகம் சுண்டிவிட்டது.

அடிப் பாவி. நானும் ரெண்டுலயும் போட்டிருக்கேனே! ஸ்கூட்டி சீட்ல வெச்சு! அந்தக் குழந்தைங்களைப் போய் முதுகெலும்பு இல்லையான்னு கேட்டேனே, எனக்கு எங்கே போச்சு அது?

வம்சியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பத்து நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சரி, நாளைக்கு அசெம்பிளில இதையும் சேர்த்துச் சொல்லிரு" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார்.

ஜூலை 2, புதன்

சொன்னேன்.

ஒரு விதியை எழுதாமல் விட்டது நான், அதற்காகத் திட்டு வாங்கியது நீங்கள், தப்பு என்னுது, என்று ஆரம்பித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். லாஸ்யா முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதனால் அபார்ட்மென்ட் கதையையும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு சாருக்கும் போட்டேன், இரண்டாவது மாடி சாருக்கும் போட்டேன் என்று. அறுநூறு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. லாஸ்யாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல். வர்ஷினியேதான். "அப்ப உங்க கையெழுத்து யாருக்குங்க மிஸ் செல்லும்?"

"ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றை வாபஸ் வாங்குகிறேன்" என்று சொல்லிவிட்டேன். மைக்கில். இனிமேல் தப்பிக்க வழியில்லை.

புது மனுத்தாக்கல் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி வரை. ஒருவர் ஒரு தாளில் மட்டும்.

ஜூலை 4, வெள்ளி

வர்ஷினியின் தாள் காலை பிரேயர் முடிந்ததுமே வந்துவிட்டது. பத்தும் சுத்தம். மீதி பதினான்கு பேரில் பத்தை எழில் பிடிக்க வேண்டும்.

மதியம் வரைக்கும் ஆறு. ஏழாம் வகுப்பில் இருவர் "யாருக்கும் போடலீங்க மிஸ், ரெண்டு அக்காவும் வேணும்" என்று ஒதுங்கிவிட்டார்கள். இதுவும் அதே வியாதிதான். ஆனாலும் அது அவர்கள் உரிமை. வாயை மூடிக்கொண்டேன். கஷ்டப்பட்டு.

மூன்றே காலுக்கு எட்டு. மூன்றரைக்கு லாஸ்யா ஓடிவந்து எழில் தாளில் போட்டாள். போட்டுவிட்டு நேராக வர்ஷினியிடம் போய், "அக்கா, நான் எழில் அக்காவுக்குப் போட்டுட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பதினோரு வயசு. எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

ஒன்பது. அதற்கப்புறம் நகரவே இல்லை. எழில் தாளைப் பிடித்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிறாள், யாரையும் கெஞ்சவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். தேர்தல் அதிகாரி யாருக்காகவும் வேண்டிக்கொள்ளக்கூடாது. வேண்டிக்கொண்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு கதிர் வந்தான். வர்ஷினி தாளில் இந்தத் தடவை அவன் பெயர் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"எங்கப்பா பேசமாட்டாரு, ஒரு வாரத்துக்கு" என்றான். "பரவால்லீங்க. லைப்ரரில பாதி படிச்ச புக் ஒண்ணு எனக்கு ஜூன்ல இருந்து கெடக்குதுங்க." போட்டான்.

பத்து. மனு ஏற்கப்பட்டது என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பத்தடி தூரம். எதிர்க்கதவு. காபி குடித்துவிட்டுப் போகலாம், குளித்துவிட்டுப் போகலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சாயங்காலம் ஆகிவிட்டது.

லிஃப்டை யார் சரிசெய்வார் என்று பார்த்தால் எனக்கு மோகன்குமார் சார்தான். அப்படியென்றால் சென்னகேசவன் சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னேன். "சார், உங்க தாள்ல இருக்கிற என் கையெழுத்தை எடுத்துக்கறேனுங்க. மன்னிச்சுக்குங்க. நான் அவருக்குத்தான் முன்மொழியறேன்."

அவர், "சரிங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார், மெதுவாகத்தான்.

அவர்கள் மாடித் தொட்டியிலிருந்து ஞாயிறுதோறும் கறிவேப்பிலை வரும். இன்று வரவில்லை. சங்கடமாக இருந்தது, சாம்பாரும் நன்றாக இல்லை. ஆனால் முதுகு நேராகத்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வாக்குப்பதிவு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தனிப் பேனா கொடுப்பார்கள் என்பதால் நானும் ஊதா மையில் ஒரே பேனா வைத்தேன். 1, 2 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். இருபத்துநாலு பேரும் வந்தார்கள், இருபத்துநாலும் செல்லும்.

மொத்த மதிப்பு 480. எண்ணும்போது இரண்டு வேட்பாளரையும் இரண்டு பக்கம் உட்காரவைத்து, ஒவ்வொரு சீட்டையும் காட்டி எண்ணினேன். வர்ஷினி 229. எழில் 251.

எண்ணிக்கைத் தாளின் அடியில் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வர்ஷினி போட்டுவிட்டு பாத்ரூம் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து எழிலுக்குக் கைகொடுத்தாள். கண் சிவந்திருந்தது.

எழில் என்னிடம் கேட்டது ஒன்றே. "மிஸ், உங்க போன்ல இருந்து அப்பாவுக்குப் பேசலாமா?" மலையில் சிக்னல் கிடைக்க ஐந்து தடவை போட வேண்டியிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

பயந்தது நடந்துவிட்டது. வர்ஷினியின் அம்மா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த வருஷம் பழைய கைதட்டல்தான் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

"ஏனுங்க, ஓட்டு எண்ணறப்ப யாருங்க பக்கத்துல இருந்தது?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பழனாத்தாள் அம்மா மேஜை டிராயரைத் திறந்து எண்ணிக்கைத் தாளை எடுத்து வைத்தார். நேற்றே என்னிடம் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்! விரலை அடியில் வைத்து, "இது நம்ம பாப்பா கையெழுத்துத்தானுங்களே அம்மணி?" என்றார். குரலில் தேன்.

அந்த அம்மா தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அவளுதுதானுங்க" என்றார். "ஊட்ல இதைச் சொல்லவே இல்லீங்க." டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"வந்துபோட்டாங்களே அம்மா, உங்க நிபந்தனை...?" என்றேன்.

"வந்தாங்க. மனத்தாங்கலோட போகலீங்களே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த வருஷம் பத்தாவது விதியையும் எழுதிப்போடுங்க. பெரிய சார்ட்டா வாங்குங்க."

ஜூலை 13, ஞாயிறு

சென்னகேசவன் சாரே ஜெயித்தார். பதினெட்டுக்குப் பதினொன்று. லிஃப்ட் மத்தியானமே நின்றது. ஓடி வந்தார். சாயங்காலம் கறிவேப்பிலை வந்தது.

ஜூலை 23, புதன்

முதல் இடைத்தேர்வுக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி. வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு லைப்ரரி பீரியடைக் கேட்டு நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். இனிமேல் எல்லாம் முறைப்படி தலைவர் வழியாகத்தானே.

ஜூலை 24, வியாழன்

நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது.

அடியில் ஊதா மையில், குண்டு குண்டாக: "மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது. எழில், தலைவர்."

பார்த்ததும் சுர்ரென்று ஏறியது. யாருக்காக நான் அறுநூறு பேர் முன்னால் நின்றேன்? யாருக்காக எதிர்வீட்டில்... என்னைப் பார்த்தா? கணக்கு டீச்சரைத்தானே அவள் — அப்போதுதான் பழைய டைரிப் பக்கத்தைப் புரட்டினேன். ஜூன் 20. "எப்போதும் செய்வதுதான்." என் கையெழுத்தில்.

கணக்கு டீச்சர் இந்த வருஷம் லைப்ரரி பீரியடை ஒருநாளும் எடுக்கவில்லை. விசாரித்துவிட்டேன்.

இரண்டாம் தடவை அதே நோட்டீஸை அனுப்பினால் அவள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் திருப்பியிருக்கிறாள், மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே.

தாளை மடித்து இந்த டைரிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஐந்தாவது பீரியட், நான் கேட்டிருந்த அதே பீரியட், எனக்கு வேலை இல்லை. லைப்ரரிப் பக்கம் போனேன். ஒன்பதாம் வகுப்பு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.